நேரேஷன் இல்லாத என்ட்ரி

இந்தப் பக்கத்தைப் படிக்கிறவர்களில் காமர்ஸ் படித்தவர்கள் யாராவது இருந்தால் கை தூக்குங்கள். உங்களுக்கு ஜர்னல் என்ட்ரி ஞாபகம் இருக்கும். டெபிட் ஒரு வரி, கிரெடிட் ஒரு வரி. அதோடு முடியாது. கீழே ‘பீயிங்’ என்று ஆரம்பித்து இன்னொரு வரி எழுத வேண்டும். பீயிங், சரக்கு கடனுக்கு வாங்கியது. பீயிங், கடை வாடகை கொடுத்தது. இதற்குப் பெயர் நேரேஷன். மயிலாப்பூரில் நான் பி.காம். படித்தபோது எங்கள் அக்கவுன்ட்ஸ் வாத்தியார், தொகையெல்லாம் சரியாக இருந்தாலும் நேரேஷன் இல்லாவிட்டால் அரை மார்க் வெட்டிவிடுவார். “எவ்வளவுன்னு எழுதிட்டு ஏன்னு எழுதாதவன் ஒண்ணு சோம்பேறி, இல்லேன்னா திருடன்” என்பார்.

காமர்ஸ் படிக்காதவர்கள் பயப்பட வேண்டாம். இந்த வாரம் கணக்குப் பாடம் இல்லை. ஒரு ஃபாரம் பற்றித்தான்.

சம்பளம் வாங்குகிற எல்லோருக்கும் ஃபாரம் 16 தெரியும். வருமான வரிக்காக ஆபீஸில் கொடுப்பார்கள். ராணுவ மருத்துவத் துறையிலும் ஒரு 16 இருக்கிறது. ஒரு சிப்பாயை ‘இனிமேல் இவர் ராணுவத்துக்கு லாயக்கில்லை’ என்று மருத்துவக் காரணம் காட்டி வெளியே அனுப்பும்போது மருத்துவக் குழு பூர்த்தி செய்கிற படிவம். அப்படி ஒன்று என் மேஜைக்கு வந்து சேர்ந்தது. தி.நகர் ஜவுளிக்கடை கட்டைப்பையில்.

கொண்டு வந்தவர் என் மனைவிக்கு பிளவுஸ் தைத்துக் கொடுக்கிற அக்கா. மயிலாப்பூர் தெற்கு மாட வீதிப் பக்கம் ஒரு மாடிப்படிக்குக் கீழே இருக்கிற இடம்தான் அவர் கடை. ஒரு தையல் மிஷின், ஒரு டேபிள் ஃபேன், ஃபால்ஸ் அடித்துத் தரப்படும் என்று ஒரு போர்டு. நான் பத்திரிகையில் எழுதுகிறவன் என்பது அவருக்கு எப்படியோ தெரிந்துவிட்டது. “சார், இதுல என்ன எழுதியிருக்குன்னு மட்டும் சொல்லுங்க. தம்பியோட பேப்பர்” என்றார்.

தம்பிக்கு இப்போது ஐம்பது வயது. 1995-ல் ஆர்மியில் சேர்ந்தார். எட்டு வருஷம் கழித்து, 2003-ல், ஒரு ராணுவ ஆஸ்பத்திரியில் நாலு மாதம் வைத்திருந்துவிட்டு வீட்டுக்கு அனுப்பினார்கள். வியாதியின் பெயர் ஸ்கிஸோஃப்ரீனியா. அரசு ஆஸ்பத்திரியில் மாதாமாதம் மாத்திரை வாங்கிக்கொள்கிறார். ரங்கநாதன் தெரு பக்கம் ஒரு துணிக்கடை குடோனில் பார்சல் கட்டுகிற வேலை. வருஷத்தில் பத்து மாதம் ஓடும், இரண்டு மாதம் ஓடாது என்பது அக்காவின் கணக்கு.

ஃபாரத்தின் பின்பக்கத்தில் மருத்துவக் குழுவின் கருத்து என்று ஒரு பகுதி. இந்த வியாதி ராணுவ சேவையால் வந்ததா? இல்லை. ராணுவ சேவையால் அதிகமானதா? இல்லை. சேவைக்குச் சம்பந்தமே இல்லாததா? ஆம். பக்கத்தில் அகலமாக இன்னொரு கட்டம். காரணம் எழுதுவதற்காகவே அச்சடித்தது. அதில் இரண்டே வார்த்தை: கான்ஸ்டிட்யூஷனல் டிஸார்டர்.

பக்கத்து ஜெராக்ஸ் கடைப் பையன் இதை ‘அரசியல் சட்டக் கோளாறு’ என்று மொழிபெயர்த்துச் சொல்லியிருக்கிறான். ஏதோ அரசியல் காரணத்துக்காகத் தம்பியை அனுப்பிவிட்டார்கள் போல என்று அக்கா கொஞ்ச நாள் நினைத்துக்கொண்டிருந்தாராம். எனக்குச் சிரிப்பு வந்தது. “பொறந்ததுலேருந்தே அவர் உடம்புவாகுல இருந்த கோளாறு, ஆர்மிக்கும் இதுக்கும் சம்பந்தமில்லைன்னு எழுதியிருக்காங்க அக்கா” என்று நான் சொன்னதும் அவர் முகம் மாறிவிட்டது.

“அப்ப எங்க குடும்பத்து ரத்தத்துலயே இருக்குன்றாங்களா?”

பென்ஷன் பற்றிக் கேட்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் கேட்டது இதை. அவருக்கு ஒரு பெண். பி.எஸ்ஸி. முடித்து வேலைக்குப் போகிறாள். வரன் பார்க்கிறார்கள். மெட்ராஸில் ஒருத்தரைப் பைத்தியம் என்று திட்ட வேண்டுமானால் ‘கீழ்ப்பாக்கம் கேஸ்’ என்று ஊர்ப் பெயரைச் சொன்னால் போதும், எல்லோருக்கும் புரியும். 1794-லிருந்து இருக்கிற ஒரு ஆஸ்பத்திரிக்கு நாம் கொடுத்திருக்கிற மரியாதை அது. இரண்டு வீட்டார் பெண் பார்த்துவிட்டு, மாமா ஏன் மிலிட்டரியிலிருந்து பாதியில் வந்தார் என்று விசாரித்துவிட்டுப் போனார்கள். திரும்ப வரவில்லை. “மிலிட்டரிக்குப் போயி இப்படி ஆயிட்டான்னு சொன்னா ஒரு மாதிரி கேப்பாங்க சார். குடும்பத்துலயே இருக்குன்னா?” என்றார்.

பணத்துக்கும் வருவோம். படித்த படிப்பு அப்படி.

சேவையால் வந்ததும் இல்லை, அதிகமானதும் இல்லை என்கிற அந்த ஆங்கில வாக்கியத்தை ராணுவத்தில் முதலெழுத்துகளால் சுருக்கிச் சொல்வார்கள். என்.ஏ.என்.ஏ. சேர்த்துப் படித்தால் நானா. தமிழில் இது ஒரு கேள்வி! ‘நானா? எனக்கென்ன சம்பந்தம்?’ என்று கையை விரிக்கிற மாதிரியே இருக்கிறது.

இந்த ‘நானா’வின் விலையைப் பாருங்கள். சிப்பாய்க்கு சாதாரண பென்ஷன் வர 15 வருஷ சர்வீஸ் வேண்டும். வியாதி சேவையால் வந்தது அல்லது அதிகமானது என்று எழுதி, பாதிப்பு 20 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால், எத்தனை வருஷ சர்வீஸ் என்று பார்க்காமல் டிசபிலிட்டி பென்ஷன் உண்டு. இன்றைய கணக்கில் அது இரண்டு துண்டு. சர்வீஸுக்கு என்று சம்பளத்தில் 50 சதவீதம். பாதிப்புக்கு என்று, 100 சதவீதப் பாதிப்பானால் சம்பளத்தில் 30 சதவீதம், மற்றதெல்லாம் அதே விகிதத்தில். தம்பிக்கு எழுதியிருப்பது 40 சதவீதப் பாதிப்பு. வெளியே அனுப்பப்பட்டவர்களுக்கு 50-க்குக் கீழே உள்ளதை 50 ஆக உயர்த்திக்கொள்ள 2001-லேயே அரசு உத்தரவு இருக்கிறது. ஆக 15 சதவீதம். மொத்தம் சம்பளத்தில் 65 சதவீதம். (2023 செப்டம்பருக்குப் பிறகு வெளியே வருகிறவர்களுக்கு இந்த இரண்டாவது துண்டின் பெயரே ‘இம்பெயர்மென்ட் ரிலீஃப்’ என்று மாறிவிட்டது. தம்பிக்குப் பழைய கணக்கு.)

‘நானா’ என்று எழுதினால்? பத்து வருஷத்துக்குக் குறைந்த சர்வீஸ் என்பதால் ஒருமுறை கிராஜுவிட்டி. அவ்வளவுதான். பத்து வருஷம் ஆகாதவர்களுக்கும் இன்வாலிட் பென்ஷன் உண்டு என்று 2020 ஜூலையில் பாதுகாப்பு அமைச்சகம் முடிவெடுத்தது. நல்ல முடிவு. ஆனால் 2019 ஜனவரி 4-ம் தேதியன்றோ அதற்குப் பிறகோ சர்வீஸில் இருந்தவர்களுக்கு மட்டும். 2003-ல் வந்தவருக்கு இல்லை. பென்ஷன் இல்லையென்றால் முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவத் திட்டமும் இல்லை. இன்னும் வேடிக்கை, பென்ஷனும் இல்லாமல் பாதியில் வந்தவர் அரசாங்க விளக்கப்படி ‘முன்னாள் படைவீரர்’ என்ற சொல்லுக்குள் வருவதே கஷ்டம். தி.நகர் நகைக்கடைகளில் துப்பாக்கியோடு நிற்கும் வேலைக்கு எக்ஸ்-சர்வீஸ்மேன்தான் வேண்டும் என்பார்கள். எட்டு வருஷம் ஆர்மியில் இருந்தவர் குடோனில் பார்சல் கட்டுகிறார்.

அந்தத் துப்பாக்கி விஷயத்தில் ராணுவத்தின் பக்கத்தையும் கேட்க வேண்டும் அல்லவா? அடையாறில் ஒரு ரிட்டயர்டு ராணுவ மனநல டாக்டர் இருக்கிறார். நண்பர் மூலம் அறிமுகம். ஃபில்டர் காபி கொடுத்து, ஃபாரத்தை இரண்டு முறை படித்துவிட்டு, பொறுமையாகச் சொன்னார்.

“ராத்திரி ரெண்டு மணிக்கு சென்ட்ரி டியூட்டியில் லோட் பண்ணின ரைஃபிளோட நிக்கிறவன் காதுல குரல் கேக்குதுன்னா, அவனை அங்கே வெச்சிருக்க முடியாது சார். அவனுக்கும் ஆபத்து, பக்கத்துல தூங்கறவனுக்கும் ஆபத்து. அனுப்பினது சரி. அதுல எனக்கு சந்தேகமே இல்லை.”

எனக்கும் இல்லை. அவர் இன்னொன்றும் சொன்னார். ஸ்கிஸோஃப்ரீனியா பெரும்பாலும் தலைகாட்டுவது பதின்ம வயதின் கடைசியிலும் இருபதுகளிலும். ராணுவத்துக்கு ஆள் எடுப்பதும் அதே வயதில்தான். பதினெட்டு வயதுப் பையனை நெஞ்சளவு பார்த்து, கண் பார்த்து, ஓடவிட்டுச் சேர்க்கிறார்கள். எட்டு வருஷம் கழித்து வரப்போகும் வியாதியை அன்றைக்கு யாரும் கண்டுபிடிக்க முடியாது. ராணுவத்துக்குப் போகாமல் அவர் மயிலாப்பூரிலேயே தையல் கடை வைத்திருந்தாலும் வந்திருக்கலாம். வராமலும் இருந்திருக்கலாம்.

“அப்படின்னா ராணுவத்தால் வரலைன்னு எப்படி எழுதறீங்க?” என்றேன்.

“தெரியாதுன்னு எழுத அதுல கட்டம் கிடையாது” என்றார். நேர்மையான மனிதர்.

தெரியாது என்றால் என்ன செய்வது என்பதற்கு விதி இருக்கிறது என்பதுதான் இதில் விசேஷம். 1982-ல் வந்த விதிகள். சேரும்போது மருத்துவப் பதிவில் எந்தக் கோளாறும் குறிக்கப்படவில்லை என்றால் அவர் நல்ல ஆரோக்கியத்தோடு சேர்ந்தார் என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். நிரூபிக்கிற பொறுப்பு சிப்பாயுடையது அல்ல. சந்தேகம் இருந்தால் அதன் பலன் அவருக்கு. 2013 ஜூலையில் தரம்வீர் சிங் வழக்கில் சுப்ரீம் கோர்ட் இதைத் தெளிவாகச் சொன்னது. அது வலிப்பு நோய் வழக்கு.

அதே 2013-ல் மனநோய் வழக்கு ஒன்றும் வந்தது. சிப்பாயின் பெயர் தீர்ப்பில் இருக்கிறது, இங்கே வேண்டாம். சிக்னல்ஸ் பிரிவில் 1972-ல் சேர்ந்து 1977-ல் வெளியே அனுப்பப்பட்டவர். நீதிபதி ஜி.எஸ்.சிங்வியும் நீதிபதி எஸ்.ஜே.முகோபாத்யாயாவும் அந்தக் கோப்பைப் பார்த்தார்கள். சண்டை போடுகிறார், எரிச்சல்படுகிறார், அவசரப்படுகிறார், சிகிச்சையில் தேறியிருக்கிறார் என்கிற மாதிரி மனநல மருத்துவரின் குறிப்பு. இதிலிருந்து ஸ்கிஸோஃப்ரீனியா என்ற முடிவுக்கு எப்படிப் போனார்கள் என்பதற்கு ஒரு வரி விளக்கம் இல்லை. அகராதியையும் மனநல மருத்துவப் பாடப் புத்தகத்தையும் நீதிபதிகளே எடுத்துப் புரட்ட வேண்டியிருந்தது. கடைசியில், மறு மருத்துவக் குழு முன்பு அனுப்பிப் புதிதாகப் பாருங்கள் என்று உத்தரவு. 36 வருஷம் கழித்து!

சண்டை, எரிச்சல், அவசரம். இது மூன்றும் வியாதி என்றால் சாயங்காலம் ஆறு மணிக்கு உஸ்மான் ரோடில் வண்டி ஓட்டுகிற அத்தனை பேரையும் இன்வாலிட் செய்ய வேண்டியதுதான்.

எல்லாத் தீர்ப்பும் ஒரு பக்கமாக வரவில்லை, அதையும் சொல்ல வேண்டும். 2019-ல் இன்னொரு ஸ்கிஸோஃப்ரீனியா வழக்கில் சுப்ரீம் கோர்ட் ராணுவ மருத்துவக் குழுவின் பக்கம் நின்றது. சேரும்போது கண்டுபிடிக்க முடியாத வியாதி என்பதாலேயே அதை ராணுவம் தந்தது என்று சொல்லிவிட முடியாது என்றது. அடையாறு டாக்டர் சொன்னதும் அதுதான். பிறகு 2025 மே மாதம், 1998-ல் இதே வியாதியைச் சொல்லி வெளியே அனுப்பப்பட்ட ஒருவரின் வழக்கு. இந்த முறை நீதிமன்றம், காரணம் எழுதாத மருத்துவக் குழுவின் முடிவை வைத்துக்கொண்டு பென்ஷனை மறுக்க முடியாது என்றது. காரணம் எழுதுவது சம்பிரதாயம் அல்ல, அதுதான் முடிவுக்கே அஸ்திவாரம் என்பது தீர்ப்பின் சாரம்.

என் வாத்தியார் இருந்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார்.

இரண்டு தீர்ப்புக்கும் நடுவில் என் கட்சி என்ன என்று கேட்பீர்கள். ஒவ்வொரு மனநோயையும் ராணுவத்தின் கணக்கில் எழுதச் சொல்லவில்லை. ஒரு ஆள் எங்கெல்லாம் வேலை பார்த்தார், எத்தனை மாதம் லீவு கிடைக்கவில்லை, எப்போது தூக்கம் கெட்டது, பக்கத்தில் நின்றவன் செத்ததைப் பார்த்தாரா, வீட்டில் முன்பு யாருக்காவது இருந்ததா, இதையெல்லாம் விசாரித்து, அதற்குப் பிறகும் சம்பந்தமில்லை என்று தோன்றினால் அப்படியே எழுதட்டும். ஏன் என்றும் எழுதட்டும். மனநோய் என்று சந்தேகம் வந்தால் கமாண்டிங் ஆபீசர் தனியாக ஒரு ரிப்போர்ட் கொடுக்க வேண்டும் என்று முறையே இருக்கிறது. அந்த ரிப்போர்ட் அக்காவின் பையில் இல்லை. தம்பி கடைசியாக இருந்தது காஷ்மீரில் என்பதுகூட ஃபாரத்தின் இரண்டாம் பக்கத்தில் ஊர்ப் பெயராகத்தான் இருக்கிறது. பின்பக்கத்தில் முடிவு எழுதியவர் முன்பக்கத்தைத் திருப்பிப் பார்த்ததற்கான அடையாளம் ஏதும் இல்லை.

அமெரிக்காக்காரர்கள் இதில் நம்மைவிடக் கெட்டிக்காரர்கள். அங்கே ‘பெர்சனாலிட்டி டிஸார்டர்’ என்று ஒரு முத்திரை. குணக் கோளாறு. அது ராணுவத்துக்கு முன்பே இருந்தது என்று அர்த்தம், ஆகவே ஊனத்துக்கான சலுகை கிடையாது. 2001-லிருந்து ஆறேழு வருஷத்தில் 22,000-க்கும் மேற்பட்டவர்கள் இந்த முத்திரையோடு வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். அவர்களில் ஈராக், ஆப்கானிஸ்தான் போய் வந்தவர்களும் உண்டு. பத்திரிகைகள் எழுதி, 2007-ல் நாடாளுமன்றக் குழு விசாரித்தது. போர்முனைக்குப் போனவர் என்றால் மேல்மட்ட மருத்துவ அதிகாரியும் ஒப்புதல் தர வேண்டும் என்று 2008-ல் விதியை இறுக்கினார்கள். உடனே எண்ணிக்கை சடசடவென்று விழுந்தது. கையெழுத்துப் போட ஒரு ஆள் கூடுதலாக வேண்டும் என்றதும் குணக் கோளாறு குணமாகிவிட்டது! 2014-ல் அவர்களுடைய பாதுகாப்பு அமைச்சர் சக் ஹேகல், வியட்நாம் காலத்து ஆட்களின் பழைய டிஸ்சார்ஜ்களைக்கூட மனக்காயம் என்ற கண்ணோட்டத்தில் தாராளமாகத் திரும்பப் பாருங்கள் என்று ஓர் உத்தரவு போட்டார். போர் மனக்காயத்துக்கு மருத்துவப் புத்தகத்தில் பெயர் வந்ததே 1980-ல்தான், வியட்நாம் போர் முடிந்த பிறகு.

இங்கே திரும்பப் பார்ப்பதற்கு வழி இருக்கிறது. முதலில் துறைக்குள்ளேயே மேல்முறையீடு. பிறகு ராணுவத் தீர்ப்பாயம். 2007-ல் சட்டம் வந்து 2009-ல் ஆரம்பித்தது. சென்னையிலும் ஒரு அமர்வு இருக்கிறது. டிசபிலிட்டி வழக்குகளில் சிப்பாய் ஜெயித்தாலும் அரசு விடாமல் அப்பீல் போவதை நிறுத்துங்கள் என்று 2015-ல் மனோகர் பாரிக்கர் அமைத்த நிபுணர் குழுவே சொன்னது. அப்பீல் நிற்கவில்லை. அதிகாரிகள் மட்டத்தில் ரத்தக் கொதிப்பு, சர்க்கரை என்று டிசபிலிட்டி வாங்குவது அதிகமாக இருக்கிறது என்று 2023-ல் தணிக்கைத் துறை சுட்டிக்காட்டியதும் உண்மை. அதை சரி செய்யட்டும். குடோனில் பார்சல் கட்டுகிறவரிடமிருந்து ஆரம்பிக்க வேண்டாம்.

அக்காவிடம் இரண்டு தேதிகள் சொன்னேன். ஒன்று, பென்ஷன் பாக்கி. எவ்வளவு காலம் கழித்து வழக்குப் போட்டாலும் பென்ஷன் கேட்கலாம், ஆனால் பின்பாக்கி பொதுவாக மூன்று வருஷத்துக்கு மேல் கிடைக்காது. தர்சேம் சிங் வழக்கில் 2008-லேயே சொல்லியாகிவிட்டது. போன வருஷங்கள் போனதுதான். இன்னொன்றுதான் அவசரம். பென்ஷன் இல்லாமல் வெளியே வந்தவர்களின் சர்வீஸ் ஆவணங்களை 25 வருஷம்தான் வைத்திருப்பார்கள். பிறகு அழித்துவிடலாம். தம்பி வந்தது 2003. 2028-க்குப் பிறகு, அவர் சேரும்போது செய்த மருத்துவப் பரிசோதனை, கமாண்டிங் ஆபீசர் ரிப்போர்ட் எல்லாம் எந்த அலமாரியிலும் இல்லாமல் போகலாம். ஆக முதல் வேலை வழக்கு இல்லை. தகவல் உரிமைச் சட்டத்தில் விண்ணப்பம் போட்டு அந்தக் காகிதங்களை வாங்குவது. பத்து ரூபாய்.

வக்கீல் செலவு பற்றி அக்கா கேட்டார். 2025 ஜூலையில் தேசிய சட்டப் பணிகள் ஆணைக்குழு, படைவீரர் குடும்பங்களுக்கு இலவச சட்ட உதவி என்று ஒரு திட்டம் ஆரம்பித்திருக்கிறது. மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் போய்க் கேட்கச் சொன்னேன். உங்களுக்குத் தெரிந்த வீட்டிலும் இப்படி ஒரு கட்டைப்பை பரணில் இருந்தால் சொல்லிவையுங்கள்.

இவ்வளவும் அக்காவோடு பேசியது. கையெழுத்துப் போட வேண்டியவர் தம்பி. ஒரு ஞாயிற்றுக்கிழமை கடைக்கு வந்தார். ஒல்லியான ஆள், சட்டையை இஸ்திரி போட்டு இன் பண்ணியிருந்தார். நான் சொன்னதையெல்லாம் கேட்டுக்கொண்டார். அவருடைய சந்தேகம் ஒன்றே ஒன்று.

“திரும்பப் பாக்கறதுன்னா மறுபடியும் ஆஸ்பத்திரிக்குக் கூப்பிடுவாங்களா சார்? அந்த வார்டுல உக்கார வெச்சு கேள்வி கேப்பாங்களா?”

கூப்பிடலாம் என்றேன். மறு மருத்துவக் குழு என்றால் நேரில் போகத்தான் வேண்டும். அவர் கொஞ்ச நேரம் மிஷினுக்குக் கீழே கிடந்த வெட்டுத் துணிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் கண்ணைக் காட்டினேன், நிறுத்திக்கொண்டார்.

“பேப்பர் மட்டும் கேக்கறதுக்கு போக வேணாமில்ல?”

“வேண்டாம். தபாலிலேயே வரும்.”

“அப்ப அதுவரைக்கும் போடறேன். மத்தது அப்பறம் யோசிச்சு சொல்றேன். யாரும் அவசரப்படுத்தக் கூடாது.” கடைசி வாக்கியம் அக்காவுக்கு.

எதற்காகக் கேட்கிறோம் என்று விண்ணப்பத்தில் எழுத வேண்டாமா என்று கேட்டார். சட்டப்படி காரணம் சொல்லத் தேவையில்லை என்றேன். நம்பவில்லை. ‘என் சொந்த உபயோகத்துக்கு’ என்று தானே ஒரு வரி சேர்த்து, பழைய ஆர்மி நம்பரையும் ரேங்கையும் பெயருக்கு முன்னால் எழுதிக் கையெழுத்துப் போட்டார். நம்பரை ஃபாரத்தைப் பார்த்து எழுதவில்லை.

விண்ணப்பம் போய்ச் சேர்ந்து பதினெட்டு நாள் ஆகிறது. முப்பது நாளில் பதில் வர வேண்டும். மூன்று செட் ஜெராக்ஸ் எடுத்து ஒன்றை என் வீட்டில் வைத்திருக்கிறேன். அக்கா வீட்டில் மழைக்காலத்தில் தண்ணீர் வரும்.